பாசம் முடக்கிய கைகள்

பூம்புகாரில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் ஊரே ஓடிவரும். 108-ஐக் கூப்பிடுவோம், சீர்காழிக்கோ மயிலாடுதுறைக்கோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோவோம், பணமும் திரட்டுவோம். அதில் நம்மைக் குறை சொல்ல முடியாது. உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் அவரைக் கைவிடுகிறோம்.

பட்டினி போட்டுக் கைவிடவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினோம், சட்டையை மாட்டிவிட்டோம். எழுந்திருக்க முயன்றவரை, "சும்மா படுப்பா, நாங்க இருக்கோம்ல" என்று அமர்த்தினோம். மூளையில் ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி திரும்பாது. மீதியுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், விழுந்த கையே அந்த வேலையை நூற்றுக்கணக்கான தடவை செய்து பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இது வேகமாக நடக்கும். அந்த மாதங்களைத்தான் புறா ரத்தம் தடவியும் எண்ணெய் போட்டு உருவியும் கழித்தோம். வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டதில் தப்பில்லை. வேண்டிக்கொண்டு வந்து, அவரை நாற்காலியில் உட்காரவைக்காததுதான் தப்பு.

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சித் தாளில் என்ன இருந்தது? இரு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் தூக்குவது. மேசைமேல் துண்டை விரித்து முன்னும் பின்னும் தள்ளுவது. விழுந்த காலிலும் பாரம் போட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. மொச்சைக் கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது. காசு செலவில்லாத வேலைகள். தாளை மாத்திரை அட்டைகளோடு சாமி படத்துக்குப் பின்னால் செருகினோம். அவரைத் தூக்க, விழுந்த கையையே பிடித்து இழுத்தோம். தளர்ந்திருந்த தோள்மூட்டு இறங்கி வலி கண்டது. வலிக்குப் பயந்து அவர் அந்தக் கையைத் தொடவே விடவில்லை.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2017-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, வீட்டார் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரை நம்பியே இருந்தார்கள். என்னைக் கேட்டால், நோயாளி தானே செய்ய வேண்டும், வீடு பக்கத்தில் நிற்க வேண்டும், தெரிந்தவர் திரும்பத் திரும்ப வந்து திருத்த வேண்டும். மூன்றும் வேண்டும்.

திருத்த ஆளில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோ சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வாசலுக்கு வந்தவரிடம், "தூங்குறாரு, இன்னொரு நாள் வாங்க" என்று சொன்னவர்கள் நாம்தான்.

மாதங்கள் கடந்துவிட்டன என்று விட்டுவிடாதீர்கள், தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து பிசியோவை வரச்சொல்லுங்கள். இன்று சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்து, எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே எடுத்துச் சாப்பிட விடுங்கள்.