மழைக்கு முன் ஓர் எழுத்து

சென்ற கோடை விடுமுறையில், புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலுக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றின் ஊர்ப்புற நூலகத்தில் நாளிதழ் படிக்கப் போய் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில், ஏழாம் வகுப்பு முடித்திருந்த சிறுமி ஒருத்தி, சுவரில் சாய்த்திருந்த கரும்பலகையின் முன் சாக்பீஸைப் பிடித்தபடி நெடுநேரம் அசையாது நின்றதைக் கண்டேன். பலகையில் வரிசையாக ஐந்து கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் 'என்' என்ற ஆங்கில எழுத்து. அதன் கீழே, ஆர், ஏ, ஐ ஆகிய மூன்று எழுத்துகளும் இச்சொல்லில் வரவேண்டும் என்று நூலகர் எழுதி வைத்திருந்த நிபந்தனை.

அவள் முதலில் ஆர், ஏ, ஐ, என் என்ற நான்கையும் பின் நான்கு கட்டங்களில் இட்டுப் பார்த்து, அது 'ரெய்ன்', அதாவது மழை என்று கண்டுகொண்டாள். பிறகு, காலியாக நின்ற முதற் கட்டத்தில் அகர வரிசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதுவதும், மேசைமேல் கிடந்த லிப்கோ அகராதியைப் புரட்டுவதும், இல்லையென்று தெரிந்தால் உள்ளங்கையால் அழிப்பதுமாக அரை மணி நேரம் உழைத்து, மூளை, சாக்கடை, தானியம், ரயில் என்று நான்கு பொருள்களுக்குரிய நான்கு சொற்களைப் பிடித்துவிட்டாள். பிடித்த பின்னும் முகம் தெளியவில்லை. "ஐயா, டிரெய்ன்னா ரயிலுன்னு போட்டிருக்கு, இன்னொரு டிரெய்ன்னா சாக்கடைன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒரே சத்தந்தானே?" என்று என்னைக் கேட்டாள்.

முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த எனக்கு, வகுப்பறையில் ஒருநாளும் எழாத அந்தக் கேள்வி பெரும் வியப்பை அளித்தது. தமிழில் 'ட' என்னும் ஒரே எழுத்து 'பட்டம்' என்னும்போது வன்மையாகவும் 'பண்டம்' என்னும்போது மென்மையாகவும் ஒலிப்பது, அது நிற்கும் இடத்தினால் தானே அமைந்துவிடுவதாகையால், அவ்விரண்டு ஒலிகளையும் இரண்டு எழுத்துகளாகப் பிரித்துணர வேண்டிய அவசியம் தமிழ்க் குழந்தைக்கு என்றும் நேர்ந்ததில்லை. ஆங்கிலத்திலோ அந்த வேறுபாடு ஒன்றே சாக்கடையையும் ரயிலையும் பிரிக்கிறது. நூறு முறை மனப்பாடம் செய்வித்தாலும் மனத்தில் பதியாத இந்த சூக்ஷ்மம், ஒரு காலிக் கட்டத்தில் தன் கையால் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அக்குழந்தைக்குத் தானாகவே ஒரு கேள்வியாக எழுந்துவிட்டது.

இத்தனை எழுத்துள்ள சொல், இன்னின்ன எழுத்து அதில் வரவேண்டும் என்னும் இந்தத் தேடலைப் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல், நம் மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆங்கிலப் பாட வேளையின் ஒரு பகுதியாகவே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்து, பின்னாளில் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்ற விளையாட்டை அமைத்தபோது, நூறு வில்லைகளில் 'ஈ'க்குப் பன்னிரண்டும் 'க்யூ'வுக்கு ஒன்றுமாக ஒதுக்கினார். ஓர் அந்நிய பாஷையின் எழுத்துகள் எவ்வெவற்றோடு சேரும், எங்கே நிற்கும், எது அருகி வரும் என்னும் அதன் சுபாவத்தை இவ்வளவு சுலபமாகக் கற்பிக்கும் வழி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இது நமக்கு அந்நியமான வித்தையும் அன்று. தண்டியலங்காரம் சொல்லணியில் எண்ணும் சித்திரகவிகளுள், ஒரு சொல்லோடு எழுத்தைக் கூட்டக் கூட்ட வெவ்வேறு பொருள் பிறக்கும் எழுத்து வருத்தனமும், ஒவ்வோர் எழுத்தாக நீக்க நீக்கப் பொருள் மாறிவரும் அக்கரச் சுதகமும் உள்ளன. மழைக்கு முன் ஓரெழுத்தைக் கூட்டித் தானியத்தை அந்தச் சிறுமி வருவித்தாளே, அது எழுத்து வருத்தனமல்லாமல் வேறென்ன? அந்த ஊரிலிருந்து சிறிது தூரத்தில்தான் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே, ஏழாம் நூற்றாண்டினதென்று அறிஞர்கள் கருதும் இசைக் கல்வெட்டில், ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டு, பதினாறு கோவைகள் ஒரு வரிசையாக, ஒரு வரிசையின் கோவைகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் முடியும்படி பல்லவ கிரந்த லிபியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கையையும் ஈற்றையும் விதித்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் எத்தனை சேர்க்கை இயலும் என்று பார்க்கும் மனத்தின் ஆனந்தத்தை அந்தப் பாறையின் முன் நின்றவர்கள் அறிவார்கள்.

அத்தனை பின்னால் போகவும் வேண்டாம். 1991இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இதே மாவட்டத்தின் கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் சைக்கிள் பழகியபடியே எழுத்தறிவும் பெற்ற அறிவொளி இயக்கத்தில், பழைய அரிச்சுவடி முறையை விட்டு, வாழ்க்கையோடு ஒட்டிய ஒரு முழுச் சொல்லை முதலில் காட்டி, அதை எழுத்துகளாகப் பிரித்து, அவ்வெழுத்துகளைக் கொண்டே வேறு சொற்களைக் கட்டச் சொல்லும் முறையைக் கையாண்டார்கள். தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் தமிழில் பலித்த முறை, பேத்திகளுக்கு ஆங்கிலத்தில் பலிக்காது என்று கருதக் காரணமில்லை.

சொற்போட்டி என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களை நான் அறிவேன். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெரும் பரிசு காட்டிய பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டிகளைக் கட்டுப்படுத்த 1955இல் ஒரு மத்தியச் சட்டமே வந்தது. ஆனால் அச்சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிகளையே சாரும், திறமையால் வெல்வனவற்றைச் சாராது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது. பரிசும் கட்டணமும் இல்லாத கரும்பலகைக்கு அந்த அச்சம் தேவையில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. எழுத்துகளையும் எண்ணிக்கையையும் இட்டவுடன், பொருந்தும் சொற்கள் அனைத்தையும் கண நேரத்தில் கொட்டிவிடும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. கேள்வி தயாரிக்கும் ஆசிரியருக்கு அது நல்ல துணை என்பதை மனமார ஒப்புக்கொள்வேன். குழந்தையின் கையில் அதைக் கொடுத்தால், நான்கு சொற்களும் ஒரே நொடியில் வந்து விழுந்திருக்கும். சாக்கடையும் ரயிலும் ஒரே சத்தந்தானா என்ற கேள்வி பிறந்தே இராது. ஆகவே வகுப்புக்கு ஓர் அகராதி, ஒரு பலகை, தினம் பத்து நிமிஷம் ஆகிய இவ்வளவையே கல்வி அதிகாரிகளிடம் வேண்டுகிறேன். ஒருநாள் ஆங்கிலம், மறுநாள் தமிழ் என்று வைத்தால் இரண்டும் வளரும்.

மறுவாரம் நான் போனபோது, கேள்வியை அந்தச் சிறுமியே எழுதியிருந்தாள்: நான்கு எழுத்து, ஏயும் கேயும் வரவேண்டும், தண்ணீர் நிற்கும் இடம். ஒரு பையன் 'லேக்' என்று எழுதினான். இன்னொருவன் 'டேங்க்' என்றான். இரண்டும் நிபந்தனைக்குப் பொருந்தியிருந்தன. "அது சரி, நம்ம ஊர்க் கண்மாய்க்கு எது?" என்று அவள் கேட்க, மூவரும் அகராதியை இழுத்துக்கொண்டு வாதாடத் தொடங்கினார்கள், நூலகர் சாவியோடு வந்து நின்ற பிறகும் அந்த வாதம் முடியவில்லை.