உபரி அறையா, உயிர் காக்கும் அறையா?

சென்ற ஆண்டு நம் பொருளியல் மன்றத்தில் நடந்த சொற்போட்டியில், "மானியம் தேவையின் அளவுக்கே" என்னும் தலைப்பை ஆதரித்துப் பேசி முதற்பரிசு பெற்றவன் நான். அன்று நான் ஓங்கிப் பேசிய சான்று, பிரிட்டனில் 2013 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த படுக்கையறை விதி. "வாடகையை அரசு கொடுக்கிறது, ஆளில்லாத அறைக்கும் அது ஏன் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டேன். அரங்கம் கைதட்டியது. அந்தக் கேள்விக்கு அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் தேடிப் படித்தது, பரிசை வாங்கி வீட்டில் வைத்த பிறகுதான். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வருவாய் குறைந்தோர்க்கு வாடகை கட்ட அரசு உதவித்தொகை தருகிறது. நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் குடியிருக்கும் உழைக்கும் வயதினரை, 2012-ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் குறிவைத்தது. தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் கணக்கில் கொள்ளப்படும் வாடகையில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 விழுக்காடும் உதவித்தொகையில் வெட்டு. வாரத்துக்கு 90 பவுன் வாடகை என்று வைத்துக்கொண்டால் ஓர் அறைக்கு 12 பவுன் 60 பென்ஸ் போய்விடும். கணவன் மனைவிக்கு ஓர் அறை. 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலினக் குழந்தைகள் இருவர்க்கு ஓர் அறை. 10 வயதுக்குட்பட்டவர்களாயின் ஆணும் பெண்ணும் ஓர் அறையில் உறங்கலாம். ஓய்வூதிய வயதினர்க்கு விலக்கு உண்டு. அரசு இதற்கு இட்ட பெயர் "உபரி அறை மானிய நீக்கம்". மக்கள் வைத்த பெயர் "படுக்கையறை வரி". இது வரியன்று என்று அமைச்சர்கள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் மக்கள் வைத்த பெயரே நின்றது!

இதில் வேடிக்கை என்னவென்றால், படுக்கையறை என்றால் எது என்று அந்த விதி இலக்கணம் வகுக்கவே இல்லை. கட்டில் போட முடியாத சிற்றறையும் ஏட்டில் படுக்கையறைதான்.

அரசின் மதிப்பீட்டின்படியே சுமார் 6,60,000 குடும்பங்கள் இதில் சிக்கின. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாற்றுத்திறனாளி ஒருவரையேனும் கொண்ட குடும்பங்கள். இந்த இடத்தில்தான் என் பேச்சு சரிந்து விழுந்தது. சோம்பேறிகளின் உபரி அறையைப் பற்றிப் பேசுவதாக நான் நினைத்திருந்தேன். அவற்றுள் எத்தனையோ அறைகளில் மருத்துவக் கட்டிலும், சக்கர நாற்காலியும், நோயாளியைத் தூக்கி இருத்தும் பொறியும், வீட்டிலேயே சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர்க்கு வந்திறங்கும் பெட்டிகளும் இருந்தன.

நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடுள்ள ஒரு பெண்மணி. தனி மெத்தை பொருத்திய மருத்துவமனைக் கட்டிலில்தான் அவர் படுக்க முடியும். கணவர் அதில் உடன் படுக்க இயலாது. அறையில் இன்னொரு கட்டில் போட இடமும் இல்லை. ஆகவே கணவர் அடுத்த அறையில் உறங்கினார். அந்த அறை "உபரி" என்று உதவித்தொகையில் 14 விழுக்காடு வெட்டப்பட்டது. மற்றொரு குடும்பம் வேல்ஸ் நாட்டில். கடும் ஊனமுற்ற பேரனைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தனர். இரவில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்க்கு ஓர் அறை வேண்டும். வாடகைதாரருக்கோ அவர் துணைவருக்கோ இரவுப் பணியாளர் தேவைப்பட்டால் விதி அறை கொடுத்தது. குழந்தைக்குத் தேவைப்பட்டால் கொடுக்கவில்லை. ஊனத்தால் அறையைப் பகிர முடியாத குழந்தைக்குத் தனி அறை கொடுத்தது. அதே நிலையிலுள்ள மனைவிக்குக் கொடுக்கவில்லை. இதில் என்ன நியாயம்? இந்த இரு குடும்பங்களுக்கும் இழைக்கப்பட்டது நியாயமற்ற பாகுபாடே என்று 2016 நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் விதியைத் திருத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து!

எல்லாருக்கும் வெற்றி கிட்டவில்லை. ஊனமுற்ற, வயதுவந்த மகளுக்கென்றே மாற்றியமைக்கப்பட்ட வீட்டில் அவளைப் பேணிவந்த ஒரு தாய், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 2019-இல் தோற்றார். மாற்றியமைத்த சிறிய வீட்டுக்குப் போகலாமே என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். சாய்தளம், அகலக் கதவு, தரைமட்டக் குளியலறை இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வீடு. இங்கிலாந்தில் இத்தகைய மாற்றங்களுக்கு 30,000 பவுன் வரை அரசே மானியம் தருகிறது. ஒருவரைக் கிளப்பி வேறு வீட்டில் வைத்தால் அதே செலவை மீண்டும் செய்யவேண்டும். சிக்கனத்துக்காக வந்த திட்டம் என்கிறார்கள். பொருளியல் மாணவனாகிய எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. சிறிய வீடுகளும் போதிய அளவில் இருக்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் பாதிக்கப்பட்டோருள் சிறிய வாரிய வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 விழுக்காட்டினரே. மற்றவர் இருந்த இடத்திலேயே இருந்து, உணவிலும் கணப்பிலும் மிச்சம் பிடித்து வாடகை கட்டினர். கட்ட முடியாதவர் கடன்பட்டனர்.

துன்பப்படுவோர்க்கு நகராட்சிகள் தம் விருப்பப்படி தரும் தனி உதவித்தொகை இருக்கிறதே என்று அரசு சொன்னது. அது நிரந்தரமன்று; மறுபடி மறுபடி விண்ணப்பிக்கவேண்டும். ஒரு நகராட்சி, ஊனத்தின் பொருட்டு வழங்கப்படும் படியையே வருமானமாகக் கணக்கிட்டு "உமக்கு வசதி இருக்கிறது" என்றது. அது சட்டவிரோதம் என்று 2015-இல் உயர்நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து அரசு மட்டும் இதே உதவித்தொகை வழியாக வெட்டை ஈடுசெய்து தன் மக்களைக் காத்தது.

விடுதி நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "ஓர் அறையில் நான்கு பேர் படுக்கிறோம், நமக்கு ஏன் வெள்ளைக்காரன் வீட்டு அறைக் கவலை?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் நால்வரும் எழுந்து நடக்கிறோம். இரவில் நம்மைப் புரட்டிப் படுக்கவைக்க யாரும் வேண்டியதில்லை. அறைகளை எண்ணுவதற்கு முன் அதனுள் இருப்பவரைப் பார்க்கவேண்டும் என்பதே நான் அவரிடம் சொன்ன பதில். அவர் முழுதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த வரியை ஒழிப்போம் என்று தொழிற்கட்சி 2013-இல் வாக்களித்தது. 2024-இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது, வந்தவுடன் ஒழித்துவிடவில்லை.

இவ்வாண்டுச் சொற்போட்டிக்கும் அதே தலைப்பை வைக்குமாறும், எதிர்த்துப் பேசுவோர் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொள்ளுமாறும் மன்றப் பொறுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். "போன ஆண்டு நீ சொன்னதை நீயே மறுக்கப்போகிறாயா?" என்று சிரித்தார். ஆம் என்றேன்.