மேலாளும் ஐந்தொகையும்

கதையும் கவிதையும் பேசுமிடத்தில் சர்வர் பட்டியலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இந்தப் பட்டியல்களைக் கையாளப் பரவலாகப் பயன்படும் ஆன்சிபிள் என்ற மென்பொருள் 2012-இல் வெளிவந்தது. அதன் பெயரோ உர்சுலா லெ குவின் 1966-ஆம் ஆண்டு நாவலொன்றில் படைத்த சொல். விண்மீன்களுக்கிடையே நொடியில் செய்தி அனுப்பும் கருவிக்கு அவர் இட்ட பெயர் அது. ஆகவே விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஒரு நிறுவனத்திடம் உள்ள சர்வர்கள் எவை, எது எந்தக் குழுவைச் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் உரிய அமைப்புகள் என்ன என்பதை எழுதிவைக்கும் கோப்பே இன்வென்டரி. பார்வைக்கு மளிகைச் சிட்டை போலத்தான் இருக்கும். ஆனால் ஒரே சர்வர் சம நிலையிலுள்ள இரண்டு குழுக்களில் இடம்பெற்று, இரண்டும் ஒரே அமைப்புக்கு வெவ்வேறு மதிப்புச் சொன்னால், ஆன்சிபிள் குழுப்பெயர்களை எழுத்து வரிசைப்படி அடுக்கி, கடைசியில் வருவதன் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். குழுவுக்குப் பெயர் வைத்தவர் இதை நினைத்தா வைத்திருப்பார்? சோதனைக்கான சர்வர் தவறுதலாக வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர்களின் குழுவில் எழுதப்பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இலக்கணப்படி கோப்பில் பிழையே இராது.

இப்போது இந்தக் கோப்புகளைப் படிக்கவும் திருத்தவும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகளை அமர்த்துகிறார்கள். 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொதுநெறி அறிமுகமான பிறகு, ஏஜெண்டின் கையில் கருவிகளைக் கொடுப்பது எளிதாகிவிட்டது. கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. திருத்துகிற ஏஜெண்டே சரிபார்த்து, 'எல்லாம் சரி' என்று தானே சான்றும் அளிப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

ஏஜெண்ட் என்ற சொல்லும் அதன் சங்கடங்களும் காரைக்குடிப் பக்கத்தாருக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளை முதலாளி நேரில் இருந்து பார்க்கவில்லை. அவர் செட்டிநாட்டில் இருப்பார். அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்ட், கடைவழக்கில் மேலாள், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' படித்தவர்களுக்கு அந்தக் கடையின் வாசனையே தெரியும். கடன் கொடுக்கும் உரிமை மேலாளுக்கு உண்டு. ஆனால் குறிப்பும் பேரேடும் தனித்தனி, இரண்டும் ஒத்துப்போகவேண்டும். ஐந்தொகை ஊருக்கு வரவேண்டும். தவணை முடிந்து அடுத்த மேலாள் வந்தால் கணக்கைப் பார்த்துத்தான் பொறுப்பேற்பார். மேலாள் மீதான நம்பிக்கைக் குறைவால் வந்த வழக்கம் என்று இதைக் கொள்ளக்கூடாது. சொந்தக்காரரே மேலாளாகப் போனாலும் ஐந்தொகை உண்டு.

ஏஜெண்டுக்குத் தரும் கருவியும் அப்படித்தான் அமையவேண்டும் என்பது எங்கள் கட்சி. கோப்பின் எழுத்தமைப்பைப் பார்க்க யாம்ல்-லின்ட் இருக்கிறது. குழுக்களெல்லாம் விரிந்த பிறகு எந்தச் சர்வருக்கு எந்த மதிப்பு வந்து சேர்கிறது என்பதை 'ஆன்சிபிள்-இன்வென்டரி' கட்டளை காட்டிவிடும். எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை தருபவை இவை. ஏஜெண்ட் இவற்றை இயக்கட்டும், விடையை நமக்கு விளக்கட்டும். சோதனை விதிகளை மாற்றும் உரிமை மட்டும் அதற்கு வேண்டாம். சோதனையில் தேறுவதற்காக விதியையே தளர்த்திவிடும் சாமர்த்தியம் இவற்றுக்கு உண்டு. கடவுச்சொற்களை மறைகுறியாக்கி வைத்திருக்கும் வால்ட் திறவுகோலையும் கொடுக்கக்கூடாது. இரும்புப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பட்டியலைச் சரிபார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், தவறான குழுவில் எழுதப்பட்ட அந்தச் சோதனைச் சர்வர் தப்பித்துக்கொள்ளும். கோப்பைக் கோப்போடு ஒப்பிடுவதில் பயனில்லை. மேகக்கணினி நிறுவனம் தரும் நடப்புப் பட்டியலோடு ஒப்பிடவேண்டும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், அந்தச் சர்வரை யார் எதற்காக வாங்கினார் என்று அலுவலகத்தில் பழைய ஆள் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்பதைத் தவிர வழியில்லை.