பாட்டு தெரிந்தால் போதுமா, பிள்ளையைத் தெரிய வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் பாட்டு டீச்சர், வகுப்பு முடிந்ததும் பத்து நிமிஷம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுகிறாராம். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, எந்த சினிமாப் பாட்டு பிடிக்கும், யாரோடு சண்டை என்று கேட்கிறாராம். "ஃபீஸ் கொடுப்பது பாட்டுக்கா, அரட்டைக்கா?" என்று என் தங்கை மகன் எழுதினான். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அந்தப் பதினோரு பேருக்கும் சொல்கிறேன்: நீங்கள் கொடுக்கும் காசுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் ஈடு.

எனக்குக் கச்சேரி கேட்கத் தெரியுமே தவிர, பாட்டு சொல்லித்தரத் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கணக்குப் பாடத்தில் பிள்ளை பயந்தால் விடை தப்பும். அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம். பாட்டில் அப்படி முடியாது. பாடுகிற பிள்ளைக்குக் கருவி அவன் உடம்புதான். ராத்திரி அழுதிருந்தால் குரலில் தெரியும். வீட்டில் சண்டை என்றால் மூச்சில் தெரியும். பயந்த பிள்ளைக்கு மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், தாரஸ்தாயி ஸட்ஜம் எட்டாது. "வாயைத் திறந்து பாடு" என்று நூறு தடவை சொன்னாலும் திறக்காத வாய், "இன்னிக்கு ஏன் முகம் வாடியிருக்கு கண்ணு?" என்று ஒரு தடவை கேட்டால் திறக்கும். இது செல்லம் கொடுப்பதில் சேராது. கருவிக்குச் சுருதி சேர்ப்பதில் சேரும்.

ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன் ஞாபகம் வருகிறான். நன்றாகப் பாடுவான். வெளியே ஓரிடத்தில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு நாள் நின்றுவிட்டான். என்னடா என்று கேட்டால் கண் கலங்குகிறது. "தொண்டையில ஏதோ வியாதி டீச்சர். பாடினா தகரம் மாதிரி வருது. சாதகம் பண்ணாம ஏமாத்துறேன்னு எல்லார் முன்னாடியும் சார் திட்டுறார்" என்றான். வியாதியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. மகரக்கட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைகிற பருவம். அது வருகிற காலத்தில் சுருதியை இறக்கி, பாடுகிற நேரத்தைக் குறைத்து, தாளத்திலும் கேள்வி ஞானத்திலும் கொஞ்ச மாதம் ஓட்டினால் பிள்ளை கரையேறிவிடுவான். இதெல்லாம் அந்தப் பாட்டு வாத்தியாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்தப் பையனைத்தான் அவருக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் விளக்கிச் சொன்னேன். ஆனாலும் பிள்ளை அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. அவனும் இந்தப் பதிவைப் படிப்பான் என்பதால் பெயர் சொல்லவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்த பெயர் பெஞ்சமின் புளூம். கற்றல் நோக்கங்களை வகைப்படுத்திய அதே அமெரிக்கக் கல்வியாளர். அவரும் அவர் குழுவும் பெரிய பியானோக் கலைஞர்கள், நீச்சல் வீரர்கள், கணித அறிஞர்கள் என்று பலரையும் அவர்கள் பெற்றோரையும் விசாரித்து 1985-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பியானோக் கலைஞர்களிடம் முதல் வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், மகா வித்வான் என்று சொன்னவர்கள் குறைவு. அன்பானவர், பிள்ளைகளைப் பிடித்தவர், அவர் வகுப்புக்குப் போகவே ஆசையாக இருக்கும் என்றுதான் பெரும்பாலும் வந்தது. கண்டிப்பும் நுணுக்கமும் அடுத்தடுத்த குருமார்களிடம் கிடைத்தன. முதல் வாத்தியார் கொடுத்தது ஆசை. அந்த ஆசை இல்லாமல் அடுத்த குருவிடம் யார் போகப் போகிறார்கள்?

உடனே ஒருவர் குருகுலத்தை இழுப்பீர்கள் என்று தெரியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் இருந்துதான் அந்த உயரத்துக்கு வந்தார். மறுக்கவில்லை. ஆனால் குருகுலம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவும் வேண்டாம். குருவுக்கு எத்தனை மணிக்குக் காபி, எந்தச் சூட்டில் வெந்நீர் என்பது சிஷ்யனுக்குத் தெரியும். சிஷ்யனுக்கு அம்மா ஞாபகம் வந்து ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்பது எத்தனை குருமார்களுக்குத் தெரிந்தது? தெரிந்துகொள்வது ஒரு பக்கமாகவே ஓடிய வழக்கம் அது. நான் கேட்பது மறு பக்கத்தை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. "காலம் கெட்டுக் கிடக்கிறது டீச்சர், வகுப்புக்கு வெளியே பழக்கமே வேண்டாம்" என்பது. 2018-ல் கர்நாடக இசை உலகில் பெண்கள் வெளிப்படையாகப் புகார் சொன்னதும், அந்த டிசம்பரில் மியூசிக் அகாடமி சிலருக்கு மேடை கொடுக்காததும் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் மருந்து தவறு. எந்தப் பெரியவரும் கவனிக்காத பிள்ளையைத்தான் கெட்டவன் சுலபமாக ஒதுக்கிக்கொண்டு போவான். பழக்கம் வேண்டும், மறைவு வேண்டாம். கதவு திறந்திருக்கட்டும். பேச்சு நாலு பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கட்டும். தனியாகப் பேச வேண்டியிருந்தால் எல்லார் கண்ணிலும் படுகிற திண்ணையில் பேசட்டும். பிள்ளைக்குத் தனியாக ராத்திரியில் மெசேஜ் கூடாது. வீட்டு வேலை வாங்கக் கூடாது. "அம்மாகிட்டச் சொல்லாதே" என்கிற வாத்தியாரிடம் மறுநாளே பிள்ளையை அனுப்பாதீர்கள். எல்லை மீறினால் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற எண் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் குழந்தைகள் ஜூமில் கற்கிறார்கள். இணையத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேருவதால் டீச்சரும் பிள்ளையும் சேர்ந்து பாட முடியாது, சேர்ந்து தாளம் போட முடியாது. ஒருவர் பாட, மற்றவர் காத்திருக்க வேண்டும். கூடப் பாடும்போது தானாக வருகிற நெருக்கம் அங்கே கிடையாது. அதைப் பேச்சால்தான் ஈடுகட்ட வேண்டும். நீங்களோ கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, டீச்சர் பிள்ளையிடம் கேட்பதற்கெல்லாம் நீங்களே பதில் சொல்கிறீர்கள்! அறையிலேயே இருங்கள், தப்பில்லை. வாயை மட்டும் மூடிக்கொண்டிருங்கள்.

பெற்றவர்களிடம் இன்னொன்று. "எத்தனை வர்ணம் ஆச்சு? அரங்கேற்றம் எப்போ?" என்று மாசா மாசம் கணக்குக் கேட்காதீர்கள். நீங்கள் எண்ணிக்கை கேட்டால் டீச்சர் எண்ணிக்கைதான் கொடுப்பார். சரளி வரிசை சரியாக உட்காரும் முன்னே கீதத்துக்குத் தாவுவார். பிள்ளையைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

கடைசியாக, பாட்டு, வீணை, மிருதங்கம், கீபோர்டு என்று வகுப்பு நடத்தும் என் பழைய மாணவர்களுக்கு. உங்கள் பிள்ளைகளை வருஷத்தில் ஒரு நாளாவது கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கக் கூட்டிப்போங்கள், பெற்றோரையும் சேர்த்து. விஜயதசமியன்று பாட்டோடு நிறுத்தாமல் எல்லாரும் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கள். அவர்களுக்குப் பிடித்த அனிருத் பாட்டை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர்கள் குரு, நீங்கள் சிஷ்யர். எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, யாருக்குத் தம்பி பிறந்திருக்கிறான், யார் வீட்டில் தாத்தா படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் வருகிறவர்களில் மேடை ஏறப்போவது நூற்றில் ஒன்றோ இரண்டோ. மற்றவர்கள் டாக்டராகவோ கடைக்காரராகவோ போவார்கள். அவர்களுக்கும் பாட்டு வாழ்நாள் துணையாக இருக்குமா, கசந்த நினைப்பாக இருக்குமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பாட்டைத் தவிர அந்தப் பிள்ளையைப் பற்றி மூன்று விஷயம் எழுதுங்கள். யார் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறதோ, நாளைக்கு அந்தப் பிள்ளையிடம் முதலில் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்