இறங்குறது ஈஸி மச்சி!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. கேங்காகக் கொல்லிமலைக்குக் கிளம்பியாச்சா? காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இறங்கினால் ஆகாய கங்கை அருவிக்குப் படிக்கட்டு ஆரம்பம்.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம். முடியலைன்னா பாதியில் திரும்பி இறங்கிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், முதலில் இறக்கம். மரநிழல், குளுகுளு காற்று, தூரத்தில் அருவிச் சத்தம்... ஓடத்தான் தோணும். கால் கெஞ்ச ஆரம்பிப்பது ஆசைதீரக் குளித்த பிறகுதான். அப்போ மேலே வர இருப்பதும் அதே படிகள்தான்!

அதனால பாஸ், காலையிலேயே இறங்கிடுங்க. பாட்டில் தண்ணீரில் பாதியை ஏற்றத்துக்கு மிச்சம் வையுங்க. வயிறு முட்டச் சாப்பிடுவது மேலே வந்த பிறகு. ஆஸ்துமா, இதயக் கோளாறு இருக்கிற நண்பனை "சும்மா வாடா"ன்னு உசுப்பேத்தாதீங்க. கோயில்கிட்டயே அவன் காத்திருக்கட்டும். அதில் கேவலம் ஒண்ணும் இல்லை.

இது ஐயாறு விழுகிற அருவி. கோடையில் மெலிந்திருக்கும்தான். ஆனால் மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம். தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறுங்க. வனத்துறை குளிக்கக் கூடாதுன்னா, பேரம் பேசாதீங்க.

திரும்பி ஏறும்போது, கேங்கிலேயே மெதுவா நடக்கிறவங்கதான் முன்னாடி போகணும். ஜிம் பாடிகள் எல்லாம் கடைசி வரிசை!