சிக்னல் இல்லாத லயத்துக்கு வந்த நாணயம்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத்தில் போன் பேச மேட்டு லயத்துக்கு ஏற வேண்டிய தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கொரோனா காலத்தில் நம் பிள்ளைகள் பாறை மேல் உட்கார்ந்து பாடம் இறக்கியது மறந்துவிடவில்லை. அதே அரைகுறைச் சிக்னலில் இப்போது கிரிப்டோ பணமும் வந்து இறங்கப் பார்க்கிறது.

"இணையம் தேவையில்லை" என்று முகவர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. ஆபிரிக்காவில் மச்சான்குரா என்ற சேவை 2022 முதல் சாதாரண பட்டன் போனிலேயே பிட்காயின் அனுப்ப வழி செய்கிறது. (பெயரில் மச்சான் இருந்தாலும் நம் ஆள் இல்லை, தென்னாபிரிக்கப் பேச்சு வழக்கில் பணம் என்று பொருள்.)

நம் தோட்டங்களுக்கு வருவது அது அல்ல. இங்கே முகவர், "உனக்கு டேட்டா வேண்டாம், காசைத் தா, நான் போட்டுவிடுகிறேன்" என்கிறார். கணக்கு அவர் போனில். கணக்கைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்களும் அவரிடம். அந்தச் சொற்கள் யாரிடமோ, பணமும் அவருடையதே. போய்க் கேட்க ஒரு வங்கிக் கிளை கிடையாது.

1921இல் ஒழிக்கப்படும்வரை நம் முன்னோரைக் கட்டிவைத்த துண்டு முறை நினைவுக்கு வருகிறது. கடன் எழுதிய தாள் கங்காணியிடம் இருந்தது; வாசிக்கத் தெரியாதவர் அவர் சொன்ன கணக்கை ஏற்க வேண்டியிருந்தது. இன்று தாளுக்குப் பதில் முகவரின் போன் திரை. அதில் கடனுக்குப் பதில் இலாபம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டிடி, எம்.டி.எஃப்.இ. ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி 2023இல் அறிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் எம்.டி.எஃப்.இ. சரிந்தபோது, பங்களாதேஷில் பலரது கணக்கில் மீதிக்குப் பதிலாகக் கடன் காட்டியது. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இத்தகைய திட்டங்களை முன்னெடுப்பதும் பரப்புவதும் குற்றம். "நாலு பேரைச் சேர்த்துவிடு" என்று சொந்தக்காரரே கேட்டாலும் இதை நினைவில் வையுங்கள்.

உண்மையான பிட்காயின் வேறு என்று நம் இளைஞர்கள் வாதாடுகிறார்கள். வேறுதான். ஆனால் 2021 நவம்பரில் சுமார் 69,000 டொலரைத் தொட்ட அது, ஓராண்டில் 17,000க்கும் கீழே போனது. விலை விழும்போது விற்கவும் சிக்னல் வேண்டும். மழைக்கு மின்சாரம் போனால் கோபுரமும் போகும் இடத்தில், நாட்சம்பளத்தையும் சேமலாப நிதியையும் அதில் போடுவதை நாம் ஆதரிக்க முடியாது.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை வீட்டுக்குக் காசு அனுப்ப 2012இல் வந்த ஈசி கேஷ் போதும். அது பட்டன் போனிலும் நடக்கும், மத்திய வங்கியின் அனுமதியும் உண்டு. நம் போராட்டம் தோட்டத்துக்குக் கோபுரமும் வங்கிச் சேவையும் கேட்டு இருக்கட்டும்.

ஏற்கனவே காசு கொடுத்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் போட்ட கணக்கு இலக்கம் எதையும் அழிக்காமல் தோட்டத் தலைவரிடம் கொண்டுவாருங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு நாம் கூடவே வருவோம்.