துருப்பிடித்த பிஸ்ரலும் நாங்களும்

போன செமஸ்ரர் விடுமுறைக்கு நாங்கள் ஐந்து பேர் புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் நண்பி ஒருத்தியின் வீட்டில் போய் நின்றோம். நெத்தலிச் சொதியும் இடியப்பமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வெட்கமாக இருந்தது. பின்வளவில் தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்த அவளுடைய மாமாவுக்கு உதவப் போனோம். இரண்டரை அடி போயிருக்கும், அலவாங்கு எதிலோ பட்டது. கல்லில் பட்டால் ஒரு சத்தம், வேரில் பட்டால் இன்னொரு சத்தம். இது இரண்டும் இல்லை.

மாமா கையை உயர்த்தினார். "எல்லாரும் பின்னுக்குப் போங்கோ பிள்ளையள். ஓடாதேங்கோ. வந்த வழியாலயே போங்கோ."

பிறகு கிடங்கின் கரையில் குந்தியிருந்து, தொடாமல், கனநேரம் பார்த்தார். உக்கிப்போன உரப்பைக்குள் மண் ஒட்டிய ஒரு கட்டி. "பிஸ்ரல்," என்றார். "பழைய காலத்துச் சாமான்."

எங்களுக்கு அது வெறும் இரும்புக்கட்டி. எது வாய், எது பிடி என்றுகூட உடனே விளங்கவில்லை. இத்தனைக்கும் எங்களில் இரண்டு பொடியள் பப்ஜியில் விடிய விடியச் சுடுகிறவர்கள். திரையில் பளபளக்கிற துவக்குகளின் பெயரெல்லாம் மனப்பாடம். மண்ணுக்குள்ளிருந்து வந்ததை மட்டும் அடையாளம் தெரியவில்லை. மாமா இயக்கத்தில் இருந்தவர், புனர்வாழ்வு முடித்து வந்தவர். அது ஊருக்கே தெரியும், வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. அவர் எழும்பி மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றபோது எங்களில் ஒருத்தி கவனித்தாள். நாலு விரல் பிடியைச் சுற்றியிருந்தன, சுட்டுவிரல் மட்டும் மடங்காமல் பிடியோடு நீட்டி நேராகக் கிடந்தது. விசையில் விரலை வைக்காமல் பழகிய கை. பதினைந்து வருசத்துக்கு மேல் ஆயுதமே தொடாத கை அது.

"மகசின் இல்லைத்தானே மாமா, அப்ப வெறுமைதானே?" என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"மகசின் இல்லாட்டி வெறுமை எண்டு ஆர் சொன்னது?"

அன்றுதான் முதல்தடவையாக அவர் எங்களுக்கு நீளமாக ஒன்றைச் சொன்னார். இந்தவகைப் பிஸ்ரலில் ஒருமுறை சுட்டதும், அந்த உதையிலேயே மேல்மூடி பின்னுக்குப் போகும், வெற்றுக் கோது வெளியே பறக்கும். திரும்பி முன்னுக்கு வரும்போது மகசினிலிருந்து அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு போய்க் குழலின் அடியில் ஏற்றிவிடும். மகசினைக் கழற்றினாலும் ஏறின ரவை ஏறினபடியே இருக்கும். பெல்ஜியத்தில் 1935இல் வந்த பிறவுனிங் ஹைபவர் தொடங்கி இன்றைக்குப் பொலிஸ்காரன் இடுப்பில் கிடக்கிறது வரை அடிப்படைப் பொறி இதுதான். மண்ணுக்குள் கிடந்ததில் சுருள்வில் செத்திருக்கும், பூட்டு துருவில் இறுகியிருக்கும், பித்தளைக் கோது பச்சை பிடித்திருக்கும். ஆனால் உள்ளுக்குள் மருந்து செத்ததா இல்லையா என்று வெளியே நின்று பார்த்து ஒருத்தராலும் சொல்லேலாது. ஆகவே தட்டிப் பார்க்காதே, துடைக்காதே, எண்ணெய் விடாதே. இந்த ஒரு விசயத்துக்காகவாவது மாமா போன்றவர்கள் வாய்திறக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். வன்னியில் இந்த அறிவு இருக்கிறவர்கள் நிறையப் பேர். அதைச் சொல்லப் பயப்படாதவர்கள் மிகக் குறைவு.

பயம் எவ்வளவு என்று அடுத்த அரைமணித்தியாலத்தில் கண்டோம். அம்மம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே சொல்தான்: "மூடு. தள்ளி வேற கிடங்கு வெட்டு." பக்கத்து வளவு அண்ணை, பாழ்கிணற்றுக்குள் போடச் சொன்னார். நாங்கள் படித்த பிள்ளைகள் மாதிரி "பொலிசுக்குச் சொல்லுவம்" என்றோம். மாமா சிரித்தார். "நீங்கள் சொல்லலாம். நான் சொன்னால், உனக்கு எப்பிடித் தெரியும் இது பிஸ்ரல் எண்டு கேப்பாங்கள்."

இந்த இடத்தில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் அனுமதியில்லாத துவக்கை வைத்திருக்கக் கூடாது என்கிறது. சரி, அதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கின பயங்கரவாதத் தடைச்சட்டம் இன்னும் தலைக்கு மேல் தொங்குகிறது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகும் ஒருவரைத் தடுத்து வைக்கக்கூடிய உச்சக் காலம் 12 மாதம். அப்படியிருக்க, முன்னாள் போராளி ஒருவர் தன் வளவில் கண்டெடுத்ததைத் தானே போய்ச் சொல்லுவார் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது. அவர் மூடிவிட்டுப் போவார். பத்து வருசம் கழித்து வேறொரு பிள்ளையின் மண்வெட்டி அதில் படும்.

மிதிவெடிக்கு இப்படி இல்லை. 2002 சமாதான காலத்திலிருந்து வன்னியில் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் என்று பெயர்கள் எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து மண்ணைக் கீறுகிறவர்களில் எத்தனையோ பேர் எங்கள் அக்காமார். 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள்: கண்டால் தொடாதே, அடையாளம் வை, பெரியாக்களிட்டச் சொல்லு. சொன்னவரை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. மிதிவெடிக்குச் சொந்தக்காரன் இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. பிஸ்ரலுக்கு மட்டும் ஒரு சொந்தக்காரனைத் தேடுகிறார்கள். மண்ணிலிருந்து வருகிற எந்த ஆயுதத்தையும், ஆர் கண்டாலும், பெயர் பதியாமல் அறிவிக்க ஒரு வழி வேண்டும். ஜிஎஸ்ஸிடமோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களிடமோ சொன்னால் போதும் என்று இருக்கவேண்டும். இதற்குப் புதுச்சட்டம் கூட வேண்டியதில்லை, மனம் இருந்தால் காணும்.

இன்னொன்றையும் எங்களுக்குள் கதைத்தோம், அது அவ்வளவு சுகமான கதை இல்லை. ரைபிள் என்றால் எங்களுக்கு முன்னரங்கு ஞாபகம் வரும். பிஸ்ரல் அப்படியல்ல. அது கிட்ட நின்று, முகம் தெரிய, பெயர் தெரிய சுடுகிற சாமான். 1975 யூலை 27 பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். 1982 மே 19 சென்னைப் பாண்டிபஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டார்கள், இருவரும் முன்னர் ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். 1989 செப்டம்பர் 21 எங்கள் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். சுட்டவர்களை இன்றுவரை ஒரு நீதிமன்றமும் விசாரித்துத் தண்டிக்கவில்லை. எங்கட ஆக்களே எங்கட ஆக்களுக்குச் செய்ததைச் சொல்லாமல், ஆமி செய்ததை மட்டும் சொல்லுகிற வரலாறு எங்களுக்குக் காணாது. இதை எழுதினால் ஏச்சு விழும் என்று தெரியும். விழட்டும்.

அதற்காக, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து புதுக்குடியிருப்பில் பார்த்துப் போனார்களே, கைப்பற்றின ஆயுதங்களும் படகுகளும், அந்தக் காட்சிசாலை வரலாறு என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். கிளிநொச்சி நடுவில் சீமெந்துக் கட்டியைத் துளைத்து நிற்கிற ரவையும் அதற்கு மேலே பூத்த தாமரையும் வென்றவர் சொன்ன கதை. மாமாவின் சுட்டுவிரல் சொல்லுகிற கதை இரண்டுக்கும் வெளியே கிடக்கிறது. அவரிடம் கேட்டோம், நீங்கள் இதைத் தூக்கினபோது என்ன நினைத்தீர்கள் என்று. "அப்ப எனக்கு உங்கட வயசு," என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

கடைசியில் நாங்கள்தான் சொன்னோம். எங்கள் பெயர்களை, எங்கள் அடையாள அட்டை இலக்கங்களைக் கொடுத்து, கிடங்கு வெட்டினது நாங்கள் என்று. மூன்றாம் நாள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் வேறு ஆண்கள் ஆர் என்று கேட்டார்கள். மாமா அந்த நேரம் வயலுக்குப் போயிருந்தார், அம்மம்மா அனுப்பியிருந்தார்.

தென்னம்பிள்ளையை நாலடி தள்ளி வைத்திருக்கிறோம். முந்தின கிடங்கு இன்னும் மூடவில்லை. மழைக்கு அதில் தண்ணி நிக்குது என்று போன கிழமை நண்பி சொன்னாள்.